எஞ்சின் இல்லாத ரயிலும் ஏட்டில் இல்லாத உத்தியோகமும்

சேலையூரில் காம்ப் ரோடு சந்திப்பில் பஸ் ஏறினால், கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்களைக் கடந்து, சற்று நேரத்தில் தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் வந்து இறங்கலாம். பிற்பகலில் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வந்தே பாரத் ரயில் வந்து நிற்கும். மூக்கு நீண்ட அந்த ரயிலைப் பார்த்ததும், கடற்கரை ரயிலுக்காகக் காத்திருப்பவர்கள்கூட ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்கள். கதவுகள் தாமாகத் திறக்கும்; படிகள் தாமாக வெளியே நீளும்; ஏற வேண்டியவர்கள் ஏறியதும் ரயில் சத்தமின்றி வேகம் பிடித்துப் போய்விடும். 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி ஓடத் தொடங்கிய இந்த ரயில், ஏறக்குறைய 650 கிலோமீட்டரைச் சுமார் 8 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது.

பார்த்து நிற்கும் பையன் ஒருவன், "இதற்கு எஞ்சின் எங்கே?" என்று தகப்பனாரைக் கேட்பான். எஞ்சின் கிடையாது. ஆனால் அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: "இப்படி ஒரு ரயில் வேண்டும் என்று முதலில் நினைத்தது யார்? அதை வடிவமைப்பவர், செய்பவர், பணம் கொடுப்பவர், பரிசோதிப்பவர் எல்லோரையும் ஒரே வழிக்குக் கொண்டு வந்தது யார்?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்று காம்ப் ரோட்டிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தேடிக்கொண்டிருக்கும் ஓர் உத்தியோகம். அதற்கு 'பிராடக்ட் மானேஜர்' என்று பெயர். தமிழில் சொன்னால், பொருளுக்குப் பொறுப்பாளி.

சோப்பில் பிறந்த வேலை

இந்த உத்தியோகத்தைக் கம்ப்யூட்டர் யுகத்தின் பிள்ளை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது சோப்புக் கம்பெனியில் பிறந்தது. 1931-ஆம் ஆண்டு அது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931-ல்தான். அந்த ஆண்டு அமெரிக்காவில் புராக்டர் அண்ட் காம்பிள் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் ஒருவர் தம் மேலதிகாரிகளுக்கு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார்.

அவர் பொறுப்பில் இருந்தது காமே என்ற சோப்பு. அதே கம்பெனி ஐவரி என்ற இன்னொரு சோப்பையும் விற்றுவந்தது. மூத்த பிள்ளைக்குத்தான் வீட்டில் கவனிப்பு அதிகம் அல்லவா? காமே இளைத்துப் போயிற்று. மெக்கெல்ராய் சொன்ன யோசனை எளிமையானது. ஒவ்வொரு சோப்புக்கும் தனியே ஒருவர் இருக்க வேண்டும். அது எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று அவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தீர்க்கத் திட்டம் போட வேண்டும். பலனுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் குறிப்பு. பின்னாளில் மெக்கெல்ராய் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார். 1957-ல் அமெரிக்க நாட்டின் பாதுகாப்பு மந்திரியுமானார்.

சோப்புக்குச் சொன்னது பிறகு மோட்டார் காருக்கும், மருந்துக்கும், கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் பொருந்தியது. இந்தப் பொறுப்பாளி செய்யும் வேலையைக் கல்யாண வீட்டுப் பெரியவரின் வேலையோடு ஒப்பிடலாம். அவர் சமைப்பதில்லை, மேளம் வாசிப்பதில்லை, பந்தல் போடுவதில்லை. ஆனால் முகூர்த்த நேரத்தில் எது குறைந்தாலும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு விசித்திரம் என்னவென்றால், சமையற்காரருக்கும் மேளக்காரருக்கும் அவர் எஜமானர் அல்ல; அவர்கள் வேறு யாரிடமோ கூலி வாங்குகிறவர்கள். அவர்களை அதட்டி வேலை வாங்க முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும். பொருளுக்குப் பொறுப்பாளியின் நிலையும் இதுவே. பொறுப்பு மலைபோல இருக்கும், அதிகாரமோ கடுகளவுதான்.

அதனால்தான் இந்த வேலைக்கு இரண்டு கைமுதல்கள் வேண்டும் என்கிறார்கள். ஒன்று, தொழிலின் உள் விவரம் தெரிந்திருப்பது. மற்றொன்று, பேசி முடிக்கும் சாமர்த்தியம். இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, தாம்பரம் நிலையத்தில் வந்து நிற்கும் அந்த ரயிலைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பெரம்பூரில் ஒரு பிடிவாதம்

சென்னை பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பண்டித நேரு திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்து நாட்டுத் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, இந்தியர்கள் பிரயாணம் செய்யும் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. 2016-ல் அதன் பொது மேலாளராக சுதான்ஷு மணி வந்தார். ரயில்வேயில் பல்லாண்டு உழைத்த இயந்திரப் பொறியாளர். ஜெர்மனியில் இந்தியத் தூதரகத்தில் ரயில்வே அதிகாரியாக இருந்து, அந்நாட்டு ரயில்களைக் கண்ணாரக் கண்டவர். ஓய்வு பெற அவருக்கு இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களுமே மீதி இருந்தன.

அப்போது இந்தியாவின் வேகமான பகல் ரயில்களில் ஒன்று சதாப்தி. அதைவிட நவீனமான ரயிலை வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா என்ற யோசனைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாங்கினால் விலை வெகு அதிகம். "நாமே செய்துவிடலாமே!" என்று அவர் சொன்னார். வெறும் தேசாபிமானத்தில் சொன்ன வார்த்தை அல்ல அது. அதற்குப் பின்னால் தொழில் அறிவின் கணக்கு ஒன்று இருந்தது.

சாதாரண ரயிலில் முன்னால் ஓர் எஞ்சின் மொத்த ரயிலையும் இழுக்கிறது. நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க அதற்கு நேரம் ஆகும். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று புறப்படும்போது சில நிமிஷங்கள் போய்விடும். இழுக்கும் மோட்டார்களைப் பெட்டிகளின் அடியிலேயே பகிர்ந்து வைத்துவிட்டால், பத்துப் பேர் சேர்ந்து தேர் இழுப்பதுபோல ரயில் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். 1964-ல் ஜப்பான் ஓட்டிக் காட்டிய உலகின் முதல் அதிவேக ரயிலும் இந்த முறையில் அமைந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறை தாம்பரத்துக்குப் புதியதே அல்ல. கடற்கரைக்கும் செங்கற்பட்டுக்கும் ஓடும் மின்சார ரயிலுக்கும் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. அத்தகைய ரயில்களைப் பெரம்பூர்த் தொழிற்சாலை பல ஆண்டுகளாகவே செய்துவந்தது. "நாள்தோறும் செய்கிற காரியத்தை இன்னும் நயமாக, இன்னும் வேகமாகச் செய்யப் போகிறோம், அவ்வளவுதானே!" வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மலைபோலத் தெரிவது, உள்ளே இருப்பவருக்குப் பத்துப் படிகளாகத் தெரியும். எந்தப் படி வழுக்கும் என்பதும் தெரியும். தொழில் அறிவு என்பதன் பயனே இதுதான்.

காலைப் பிடித்து வாங்கிய அனுமதி

ஆனால் அறிவு மட்டும் இருந்தால் ரயில் ஓடிவிடுமா? முதலில் டில்லியில் ரயில்வே போர்டு அனுமதி தர வேண்டும். கோப்பு நகரவில்லை. புதுக் காரியம் என்றால் சந்தேகம் வருவது சகஜம். செலவு, காலம், ஆபத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. அனுமதி கொடுத்தவர் நாளை தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுக்காதவருக்கோ எந்தத் தொல்லையும் இல்லை.

சுதான்ஷு மணி பிற்காலத்தில் பொது மேடைகளில் சொன்ன கதை இது: போர்டின் தலைவரை நேரில் கண்டு வாதாடினார். கடைசியில் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, "அனுமதி தந்தால்தான் விடுவேன்" என்று சொல்லிவிட்டாராம்! அனுமதி கிடைத்தது, இரண்டே இரண்டு ரயில்களுக்கு.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் அவர் கேட்டது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு ரயில் கேட்கவில்லை, இரண்டு கேட்டார். தோற்றாலும் நஷ்டம் ஓர் எல்லைக்குள் அடங்கும். வெளிநாட்டு விலையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எதிரில் இருப்பவருக்கு என்ன பயம் என்று அறிந்து, அந்தப் பயத்தைச் சிறியதாக்கினார். பேரம் பேசுவதில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

அனுமதி வாங்கியதோடு பேச்சு முடியவில்லை. ஒரு ரயிலுக்கு வேண்டிய இழுவைச் சாதனம், கதவு, இருக்கை, கழிவறை என்று ஒவ்வொன்றையும் செய்து தரும் கம்பெனிகளோடு பேச வேண்டும். இரண்டே ரயில்களுக்காகப் புதிதாக அச்சும் கருவியும் செய்ய எந்தக் கம்பெனி உற்சாகமாக முன்வரும்? 'இன்று இரண்டு, நன்றாக ஓடினால் நாளை பல' என்ற நம்பிக்கையைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். இழுவைச் சாதனங்களை ஹைதராபாத்திலுள்ள மேதா கம்பெனி செய்து தந்தது. பரிசோதனை செய்யும் லட்சுமணபுரி ஆராய்ச்சி அமைப்பு திருப்திப்பட வேண்டும். ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிற்சாலையில் வெல்டிங் செய்கிறவர் முதல் வடிவமைப்பாளர் வரை, 'இது நம் ரயில்' என்று எண்ண வேண்டும்.

சுமார் 18 மாதங்களில் ரயில் தயாராயிற்று. 2018-ல் வந்ததால் 'ட்ரெயின் 18' என்று பெயர் வைத்தார்கள். 16 பெட்டிகள், அவற்றில் பாதியில் மோட்டார்கள். சாதனங்கள் அனைத்தும் பெட்டியின் தளத்துக்கு அடியில் பொருத்தப்பட்டதால், மேலே முழு இடமும் பிரயாணிகளுக்கே கிடைத்தது. செலவு ஏறக்குறைய 100 கோடி ரூபாய். 2018 அக்டோபர் 29-ஆம் தேதி அதை உலகுக்குக் காட்டினார்கள். அதே டிசம்பரில் ராஜஸ்தானில் கோட்டாவை அடுத்த பாதையில் நடந்த ஓட்டத்தில் அது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்த மாதக் கடைசியில் சுதான்ஷு மணி ஓய்வு பெற்றார். 2019 பிப்ரவரி 15-ஆம் தேதி, 'வந்தே பாரத்' என்ற புதுப் பெயரோடு, டில்லியிலிருந்து காசிக்கு அந்த ரயில் புறப்பட்டது.

வெற்றிக்குப் பின் வந்த சோதனை

கதை இத்துடன் முடிந்திருந்தால் சினிமாக் கதையாகியிருக்கும். வாழ்க்கை அப்படியில்லையே! தொடக்க விழா முடிந்து காசியிலிருந்து திரும்பும் வழியிலேயே, தூண்ட்லா அருகே ரயில் கோளாறாகி நின்றது. பாதையில் கால்நடை குறுக்கிட்டிருக்கலாம் என்றார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. ஆனாலும் ஓரிரு நாளில் பிரயாணிகளோடு மீண்டும் ஓடத் தொடங்கி நற்பெயர் எடுத்தது.

அதைவிடப் பெரிய சோதனை காகிதத்தில் வந்தது. சாதனங்களை வாங்கியதில் விதிமுறைகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்று கண்காணிப்பு விசாரணை வந்தது. ரயிலைச் செய்த அதிகாரிகள் பலர் அதற்குப் பதில் சொல்ல நேர்ந்தது. முடிவில் அவர்கள்மீது குற்றம் இல்லை என்றே தீர்ந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்த ரயில்களுக்கான டெண்டர் இழுபறியாகி 2020-ல் ரத்தாயிற்று. 2021 ஜனவரியில்தான் 44 ரயில்களுக்கு வேண்டிய சாதனங்களைச் செய்யும் வேலை மேதா கம்பெனிக்குக் கிடைத்தது. முதல் இரண்டு ரயில்களுக்குப் பிறகு, திருத்திய அமைப்பில் அடுத்த ரயில் ஓடியது 2022 செப்டம்பரில். அதாவது, 18 மாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தம்பி பிறக்க மூன்றரை ஆண்டுகள் ஆயின!

இந்தப் பகுதியை இளைஞர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். ஒரு பொருளை உண்டாக்குவது பாதி வேலை; அது தான் இல்லாத காலத்திலும் வளரும்படி ஏற்பாடு செய்வது மறு பாதி. வேகமாகப் பேசி முடித்த ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்தில் காரணம் இருக்க வேண்டும். 'ஏன் இவரிடம் வாங்கினாய்? ஏன் அதை விட்டாய்?' என்று பின்னால் கேட்கப்படும்போது காகிதம்தான் பேசும். உண்மையாக உழைத்தவருக்கும் அந்தக் காகிதமே கவசம்.

கிழக்குத் தாம்பரத்துப் பள்ளி மாணவர்

ரயில் பெரம்பூரில் பிறந்தது. கம்ப்யூட்டர் உலகில் இதே பாடத்தைக் கற்பித்தவர் சேலையூருக்கு மிக அருகில் படித்தவர். கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஜெய்கோபால் கரோடியா தேசிய மேல்நிலைப் பள்ளியில் பயின்ற ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-ல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, குவால்காம் கம்பெனியில் வேலை பார்த்தார். 1996-ல் டோனி தாமஸ் என்பவரோடும் தம் சகோதரர்களோடும் சேர்ந்து அவர் தொடங்கிய அட்வென்ட்நெட் என்ற ஸ்தாபனமே, 2009 முதல் ஜோஹோ என்று பெயர் பெற்று இன்று உலகெங்கும் தெரிகிறது.

அவர்கள் முதலில் செய்த பொருள் சாதாரண ஜனங்கள் கேள்விப்படாதது. தொலைபேசிக் கம்பெனிகளிடம் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். அவற்றில் எது வேலை செய்கிறது, எது படுத்துவிட்டது என்று ஒரே இடத்திலிருந்து பார்க்க உதவும் மென்பொருள் அது. அந்த இயந்திரங்களைச் செய்யும் கம்பெனிகளே அதை வாங்கின. வியாபாரம் நன்றாக நடந்தது.

2001-ஐ ஒட்டித் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தது. வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையை மூடின. பொருள் நல்ல பொருள்தான். வாங்க ஆள் இல்லை. இந்த இடத்தில்தான் தொழில் அறிவின் இன்னொரு முகம் வெளிப்படுகிறது. 'தொலைபேசிக் கம்பெனிக்கு இருக்கும் அதே தலைவலி வேறு யாருக்கு இருக்கிறது?' என்று அவர்கள் யோசித்தார்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் கம்ப்யூட்டர்கள் வலையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு சிப்பந்தி அல்லாடிக்கொண்டிருக்கிறார். அவருக்காக, மலிவான விலையில், 2002-ல் 'மானேஜ்எஞ்சின்' என்ற வரிசை பிறந்தது. 2005-ல் ஜோஹோ என்ற பெயரில் எழுதவும் கணக்கு வைக்கவும் வாடிக்கைக்காரர்களைக் கவனிக்கவும் உதவும் மென்பொருள்கள் வரத் தொடங்கின.

சந்தை போயிற்று, அறிவு போகவில்லை. அறிவு இருந்ததால் புதுச் சந்தை கண்ணில் பட்டது.

பேரத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வெளியார் முதலீட்டை வாங்காமலேயே அந்த ஸ்தாபனம் வளர்ந்தது. முதலீட்டோடு, சில ஆண்டுகளில் கம்பெனியை விற்றுவிட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் வரும் என்பதால் ஒதுங்கிக்கொண்டதாக ஸ்ரீதர் வேம்பு பலமுறை சொல்லியிருக்கிறார். 'வேண்டாம்' என்று சொல்ல எவனால் முடியும்? கையில் மாற்று வழி உள்ளவனால்தான் முடியும். சொந்த வருமானம் என்ற மாற்று வழி அவர்களிடம் இருந்தது.

பேச்சுக் கலையின் நுட்பம்

பேரம் என்றதும் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு நடக்கும் இழுபறிதான் பலருக்கு நினைவு வரும். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நடுவில் ஓரிடத்தில் முடியும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஒருவர் என்ன கேட்கிறார் என்பதைவிட, எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். எகிப்தும் இஸ்ரேலும் சினாய் பாலைவனத்துக்காகச் சண்டையிட்ட கதை அதற்கு நல்ல உதாரணம். நிலத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க எந்த வரைபடமும் உதவவில்லை. எகிப்து விரும்பியது தன் மண். இஸ்ரேல் விரும்பியது பாதுகாப்பு. 1978-ல் கூடிப் பேசியபோது, மண் முழுவதும் எகிப்துக்கு, ஆனால் அதில் பெரும்பகுதியில் பெரிய படைகள் கூடாது என்று முடிவாயிற்று. இருவருக்கும் வேண்டியது கிடைத்தது.

நம் ஊர் அலுவலகத்தில் இது எப்படி நடக்கும்? ஓர் ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். விற்பனை அதிகாரி ஓடி வருகிறார்.

"தம்பி, மருந்துக் கணக்குப் பகுதி முழுவதும் பொங்கலுக்குள் வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும்!"

"மூன்று மாதத்துக்குக் குறைந்து முடியாது" என்கிறார் புரோகிராம் எழுதுகிற பொறியாளர்.

அனுபவமில்லாத பொறுப்பாளி, "சரி, ஒன்றரை மாதம்" என்று கத்தரிக்காய்ப் பேரம் செய்வார். பொறியாளர் இரவெல்லாம் கண் விழிப்பார், பொருள் பாதி வெந்ததாக வரும், ஆஸ்பத்திரி கோபித்துக்கொள்ளும். அனுபவம் உள்ளவரோ ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

"சார், பொங்கலுக்குள் என்றால் ஏன் பொங்கலுக்குள்? அன்று என்ன நடக்கிறது அவர்களுக்கு?"

விசாரித்தால், பொங்கல் முடிந்ததும் தணிக்கைக்காரர்கள் வருகிறார்களாம்; அவர்களுக்குக் காட்ட, காலாவதி மருந்துப் பட்டியல் ஒன்று மட்டும் தேவையாம்! அதை இரண்டு வாரத்தில் கொடுத்துவிடலாம். மற்றவை மூன்று மாதத்தில் வரட்டும். மூவரும் சிரித்த முகத்தோடு கலைகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நாவன்மை தேவையில்லை. ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தொழில் அறிவும் பேச்சுத் திறனும் வெவ்வேறு அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

சேலையூர் இளைஞர் எங்கே தொடங்குவது?

'எனக்கு எந்தத் தொழில் தெரியும்? நான் கல்லூரியை விட்டு இப்போதுதானே வருகிறேன்' என்று சிலர் மனம் தளரலாம். கண்ணைத் திறந்து பார்த்தால், இந்தச் சுற்றுவட்டாரமே ஒரு பாடசாலை. குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பல்லாவரத்துக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் நெடுநாள் சம்பந்தம். தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காச நோய் மருத்துவமனை, இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு ஆஸ்பத்திரியாக விளங்குகிறது. அதன் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ஜி.எஸ்.டி. சாலையில் 1984-ல் ஏற்பட்ட ஏற்றுமதி மண்டலத்தில் ஆயத்த ஆடை முதல் கம்ப்யூட்டர் மென்பொருள் வரை எத்தனையோ பொருள்கள் உருவாகின்றன. ஒரகடம் பக்கம் போனால் கார்த் தொழிற்சாலைகள். இவற்றில் ஏதேனும் ஒன்றில் ஒருவருடைய தகப்பனாரோ, அக்காவோ, மாமாவோ வேலை பார்த்திருப்பார். அவர் தினமும் வீட்டுக்கு வந்து சொல்லும் அலுப்புகளைக் கேட்பதிலிருந்தே தொழில் அறிவு தொடங்குகிறது.

நாலு ஆண்டு நர்ஸ் வேலை பார்த்த பெண் ஒருத்திக்கு, இரவு முறை முடிந்து காலை முறை தொடங்கும் அரை மணி நேரத்தில்தான் தவறுகள் நடக்கும் என்பது தெரியும். சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதியவருக்கு, லாரி வந்து நிற்கும்போது பன்னிரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள் என்பது தெரியும். இந்தச் சிறிய உண்மைகளை எந்தப் புத்தகமும் சொல்லாது. புரோகிராமை இயந்திரமே எழுதித் தரும் காலம் இது. அப்படிப்பட்ட காலத்தில், என்ன எழுத வேண்டும் என்று அறிந்தவருக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

எனவே, வேலை பார்க்கும் இடத்திலேயே பொருளுக்குப் பொறுப்பாளியாகத் தொடங்கலாம். பரிசோதனைப் பிரிவிலோ வாடிக்கைக்காரர் குறை கேட்கும் பிரிவிலோ இருப்பவருக்கு இது வெகு சுலபம். வாரம் ஒருமுறையாவது பொருளை உபயோகிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறார், எதைக் காகிதத்தில் தனியாகக் குறித்துக்கொள்கிறார் என்று கவனிக்க வேண்டும். கண்டதை ஒரே பக்கத்தில் எழுதி மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மெக்கெல்ராய்க்கும் அப்படித்தான் கதவு திறந்தது.

பேச்சுத் திறனுக்கும் பயிற்சி உண்டு. கூட்டத்துக்குப் போகுமுன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது: எதிரில் இருப்பவருக்கு எது பயம்? எனக்கு எது இன்றியமையாதது? பேச்சு முறிந்தால் என் மாற்று வழி என்ன? ஒன்றை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பேசி முடித்ததை அன்றைக்கே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். தமக்குச் சம்பளம் பேசும்போதும் இதே கணக்குத்தான். 'எனக்கு வீட்டு வாடகை ஏறிவிட்டது' என்று சொல்வதைவிட, 'இந்தத் தொழிலில் நான் இவ்வளவு கற்றிருக்கிறேன். அதனால் உங்களுக்கு இந்த நஷ்டம் தவிர்ந்தது' என்று சொல்வது பலன் தரும்.

இரண்டு எச்சரிக்கைகள்

தொழில் தெரிந்தவருக்கு ஒரு நோய் வரும். 'எனக்குத் தெரியாததா?' என்ற நோய். இருபது ஆண்டுக்கு முன் கற்றதை இன்றும் வேதமாக நினைப்பார். பெரம்பூரில் பழைய அமைப்புப் பெட்டிகளைப் பல்லாண்டுகள் செய்து நிபுணரானவர்கள் இருந்தார்கள். 2018 ஜனவரியில் அந்த அமைப்பின் கடைசிப் பெட்டியை வழியனுப்பிவிட்டு, புதிய அமைப்புக்குத் தொழிற்சாலை முழுவதும் மாறியது. அதே ஆண்டில்தான் எஞ்சின் இல்லாத ரயிலும் அங்கிருந்து வெளியே வந்தது. பழையதை விடத் தெரிந்ததும் தொழில் அறிவின் ஒரு பகுதியே.

பேசத் தெரிந்தவருக்கும் ஒரு நோய் உண்டு. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லிவிடுவது. அன்றைக்கு நல்ல பேர் கிடைக்கும். ஆறு மாதத்தில் எல்லோரும் கேட்டதை எல்லாம் ஏற்றி வைத்த பொருள், திருவிழா மாட்டு வண்டிபோல நகர மாட்டாமல் நிற்கும். பொருளைக் காப்பாற்றப் பல சமயம் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்டவர் மனம் நோகாமல், காரணம் விளங்கும்படி அதைச் சொல்வதே இந்த உத்தியோகத்தின் கடினமான பகுதி.

தாம்பரம் நிலையத்தில் வந்தே பாரத் புறப்பட்டுப் போன சற்று நேரத்தில், பக்கத்துப் பிளாட்பாரத்தில் கடற்கரை ரயில் வந்து நிற்கிறது. ஜனங்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். அதற்கும் எஞ்சின் இல்லை. தாம்பரத்துக்காரர்கள் 1931 முதல் அப்படிப்பட்ட ரயிலில்தான் போய் வருகிறார்கள். பலர் தினமும் பார்த்த அந்தக் காட்சியில் ஒருவர் மட்டும் இன்னொரு ரயிலைக் கண்டார். கண்டதைப் பிறர் ஒப்பும்படி பேசினார். பேசியதைச் செய்து முடித்தார். சேலையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கும் பெண்ணுக்கும் முன்னால் அப்படி எத்தனையோ காட்சிகள் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன. பார்க்கத்தான் வேண்டும்.